அபிமன்யுவின் பெயரால் ஒரு கல்வி உதவித்தொகை

2018 ஜூலை 1. இடுக்கி மாவட்டம் வட்டவடையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு எர்ணாகுளம் புறப்பட்ட லாரி ஒன்றில் 20 வயது மாணவர் ஒருவரும் ஏறிக்கொண்டார். மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் இரண்டாமாண்டு படித்துவந்தவர் அவர். மறுநாள் முதலாமாண்டு மாணவர்கள் கல்லூரிக்குள் காலடி வைக்கிறார்கள். அவர்களை வரவேற்கும் பணிகளுக்காகவே இரவோடு இரவாக அவர் வந்துசேர்ந்தார். புதிய மாணவர்கள் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. நள்ளிரவைத் தாண்டிய சிறிது நேரத்தில் கல்லூரி வளாகத்தின் அருகே மார்பில் குத்தப்பட்டு மாண்டுபோனார் தோழர் அபிமன்யு. இந்திய மாணவர் சங்கத்தின் இடுக்கி மாவட்டக் குழு உறுப்பினர் அவர். உடனிருந்த மாணவத் தோழர் ஒருவர் படுகாயமடைந்து மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்டார்.

கொலைக்கு முன் நடந்தது சுவரெழுத்து தொடர்பான தகராறு. கேரளக் கல்லூரிச் சுவர்களில் அன்றாடம் காணக்கூடிய ஒன்றுதான் அது. அந்தச் சுவரில் எழுதப்பட்ட சொற்கள் ‘வர்கீயத துலயட்டே’, அதாவது வகுப்புவாதம் ஒழியட்டும் என்பவை. கேம்பஸ் பிரண்ட், பாப்புலர் பிரண்ட் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. மக்களை மதத்தின் பெயரால் பிரிப்பதற்கு எதிராக நின்ற ஓர் இளைஞர், அதற்காகவே உயிரை இழந்தார். அமைதிக்காக மாண்டவர் என்று அவரைச் சொல்வதில் மிகையில்லை. அமைதி என்பது நாடுகளுக்கிடையே போர் இல்லாத நிலை மட்டுமல்ல. ஒரே விடுதியில், ஒரே வகுப்பறையில், ஒரே தெருவில் வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் அஞ்சாமல் வாழும் நிலையும் அமைதியே.

தமிழில் எழுந்த கதறல்

வட்டவடை கொடைக்கானல் மலைகளை ஒட்டிய எல்லைப் பகுதி. கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் அந்த மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் உழைப்பாளிகள். அபிமன்யுவின் பெற்றோரும் விவசாயத் தொழிலாளர்களே. மகனின் உடலைக் கண்ட தாய் ‘நான் பெத்த மகனே’ என்று கதறியது தமிழில்தான். மலையாள மக்கள் அதை மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. பின்னர் அபிமன்யுவின் வாழ்வைப் பற்றி வந்த மலையாளத் திரைப்படத்துக்கு அந்தத் தமிழ்ச் சொற்களே தலைப்பாயின. தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு அபிமன்யு அண்டை மாநிலத்துத் தியாகி மட்டுமல்லர் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய நினைவைக் காக்கக் கட்சியும் மாணவர் இயக்கமும் பல பணிகளைச் செய்துள்ளன. மக்களிடம் திரட்டிய நிதியில் கட்டப்பட்ட வீட்டின் சாவியை 2019 ஜனவரி 14 அன்று முதல்வர் பினராயி விஜயன் அக்குடும்பத்திடம் ஒப்படைத்தார். வட்டவடை ஊராட்சியில் அபிமன்யுவின் பெயரையும் அவர் படித்த கல்லூரியின் பெயரையும் தாங்கிய நூலகம் திறக்கப்பட்டது. அதன் அலமாரிகளை நிரப்பியவை பல ஊர்களிலிருந்தும் மக்கள் அனுப்பிய புத்தகங்கள். இவை எல்லாம் செய்ய வேண்டிய கடமைகள், செய்யப்பட்ட கடமைகள். ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்த லாரியில் ஏறிவந்த மாணவரின் இடத்தை யார் நிரப்புவது? அதே மலையிலிருந்து, அதே வறுமையிலிருந்து அடுத்த மாணவர் கல்லூரிக்கு வரும் பாதை திறந்திருக்கிறதா?

கொல்லப்பட்டவர் ஒரு மாணவர். அவருக்குப் பொருத்தமான நினைவுச்சின்னம் படிக்கும் இன்னொரு மாணவரே. அபிமன்யுவின் பெயரால் கல்வி உதவித்தொகை என்ற கருத்தின் நியாயம் இதுதான்.

ஊரூட்டம்பலம் தரும் பாடம்

உதவித்தொகை என்றதும் செல்வந்தர் ஒருவரின் தயை என்றே பலர் எண்ணுகிறார்கள். திருவனந்தபுரத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தலைநகருக்கு அருகிலுள்ள ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற புலையர் குலச் சிறுமியின் கையைப் பிடித்து அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அச்சிறுமி உட்கார்ந்த பள்ளியைச் சாதி வெறியர்கள் தீயிட்டுக் கொளுத்தினர். திருவிதாங்கூரின் வயல்களில் உழைத்தவர்கள் அளித்த பதில் வேலைநிறுத்தம். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் உங்கள் வயல்களில் எங்கள் கைகளும் இல்லை என்றார்கள். கூலி உயர்வோடு கல்வி உரிமையையும் முன்வைத்து விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய அந்தப் போராட்டம் இந்திய உழைப்பாளி வர்க்க வரலாற்றின் பெருமைமிக்க பக்கம்.

இன்று அந்தப் பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. அய்யன்காளியின் பெயரிலேயே பட்டியல் பழங்குடி மாணவர்களுக்கான அரசு உதவித்தொகைத் திட்டமும் உள்ளது. கேரளத்தில் ஏழை மாணவரின் கல்வி யாருடைய கருணையாலும் வந்ததன்று. வயலில் இறங்க மறுத்தவர்கள் வென்றெடுத்த உரிமை அது. விவசாயத் தொழிலாளியின் மகனான அபிமன்யுவின் பெயரால் வழங்கப்படும் தொகையும் அந்த மரபின் தொடர்ச்சியாகவே அமைய வேண்டும்.

உலகில் இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. பாலஸ்தீன வீடுகள் இடிக்கப்படுவதைத் தடுக்க 2003 மார்ச் 16 அன்று ரஃபாவில் இஸ்ரேலிய ராணுவத்தின் புல்டோசர் முன் நின்று உயிர்நீத்தார் 23 வயது அமெரிக்க மாணவி ரேச்சல் கோரி. அவர் படித்த எவர்கிரீன் கல்லூரியில் அவர் பெயரால் உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. ஒரு மாணவியைப் புல்டோசரால் நசுக்கலாம். அவர் கேட்ட கேள்வியை அடுத்தடுத்த மாணவர்கள் எடுத்துச் செல்வதைத் தடுக்க இயலாது என்பதே அதன் பொருள்.

அரசு விலகும் காலம்

இந்தக் கோரிக்கை எழும் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஒன்றிய பாஜக அரசு ஏழை மாணவர்களின் கல்விக்கான பொறுப்பிலிருந்து படிப்படியாக விலகிவருகிறது. சிறுபான்மை மாணவர்களின் பள்ளிப்படிப்பு உதவித்தொகை 2022இல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அதே ஆண்டு மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்ட ரோகித் வெமுலாவுக்கு அதற்கு முன் பல மாதங்களாக ஆய்வு உதவித்தொகை வழங்கப்படாமலிருந்ததை நாடு மறந்துவிடவில்லை. ஏழை மாணவருக்குத் தாமதமாக வரும் பணம், வராத பணத்துக்குச் சமம்.

கேரளத்திலும் இ-கிராண்ட்ஸ் தொகை உரிய காலத்தில் கிடைக்கவில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் குரல் எழுப்பியதுண்டு. மாநிலத்தின் கடன் வரம்பை ஒன்றிய அரசு நெரித்தது அதற்கு ஒரு காரணம். ஆனால் விடுதியில் சாப்பாட்டுக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் மாணவியிடம் அந்தக் காரணம் செல்லுபடியாகாது என்பதை இடதுசாரிகள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆகவே நினைவு உதவித்தொகை அரசின் கடமைக்கு மாற்று ஆகிவிடக் கூடாது. தொண்டு நிறுவனங்கள் செய்வதுபோல் நாலு பேருக்குக் காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு நாலாயிரம் பேரின் உரிமையை மறந்துவிடுவது இடதுசாரி இயக்கத்தின் வழியன்று. அபிமன்யுவின் பெயரால் ஒருவர் படிக்க, அவரும் அவருடைய தோழர்களும் எல்லோருக்குமான உதவித்தொகைக்குப் போராட வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகுமே தவிர ஈடாகாது.

எப்படி அமைய வேண்டும்?

இத்தகைய முயற்சிகள் நல்ல எண்ணத்தில் தொடங்கி நடைமுறையில் தடுமாறுவதுண்டு. அபிமன்யு நினைவு உதவித்தொகைக்கென்று திருவனந்தபுரத்தில் நிதி திரட்டப்பட்டு, பின்னர் அந்நிதி குறித்துக் கேள்விகள் எழுந்ததும் செய்திகளில் வந்ததே. அந்தக் கேள்விகளின் உண்மை பொய்யை முடிவு செய்வது இங்கு நோக்கமன்று. ஆனால் தியாகியின் பெயரால் உண்டியல் ஏந்தும்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லும் கடமை இரட்டிப்பாகிறது. எதிரி குறைகூறுவான் என்பதல்ல காரணம். ஒரு நாள் கூலியிலிருந்து 10 ரூபாய் போட்ட தொழிலாளிக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு என்பதே காரணம்.

நிதியின் அளவைப் பற்றிய தெளிவும் தேவை. 50 லட்சம் ரூபாயை வைப்புநிதியாகப் போட்டு 6 சதவீத வட்டி பெற்றால் ஆண்டுக்கு 3 லட்சம் கிடைக்கும். மாதம் 2,500 ரூபாய் வீதம் 10 மாணவர்களுக்கு மட்டுமே அது போதும். விலைவாசி உயர உயர அதன் மதிப்பும் தேயும். மாறாக, ஒரு மாணவரின் மூன்றாண்டுப் படிப்புக்கு அதே கணக்கில் தேவைப்படுவது 90,000 ரூபாய். ஒரு தொழிற்சங்கமோ சில கிளைகள் சேர்ந்தோ ஒரு மாணவரைப் பொறுப்பேற்பது இயலாத காரியமன்று. வங்கி வட்டியை நம்பி நிற்பதைவிட உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தாவை நம்பி நிற்கும் நிதியே உயிரோடு இருக்கும். ஆண்டுதோறும் கேட்க வேண்டியிருப்பதால் ஆண்டுதோறும் கணக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

யாருக்கு வழங்குவது என்பதில் மதிப்பெண் முதல் அளவுகோலாக இருக்கக் கூடாது. மலைக்கிராமங்களிலும் தோட்டப் பகுதிகளிலும் கடலோரங்களிலும் வாழும் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள், குறிப்பாகக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் முன்னுரிமை பெற வேண்டும். பணம் கல்லூரி திறக்கும் முன்பே கைக்கு வர வேண்டும். விடுதி முன்பணமும் முதல் மாதச் சாப்பாட்டுக் கட்டணமும்தான் ஏழை மாணவரைப் படிப்பிலிருந்து விரட்டுகின்றன. விண்ணப்பம் மலையாளத்தில் மட்டுமல்லாமல் தமிழிலும் கன்னடத்திலும் இருக்க வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இவ்விரு மொழிச் சிறுபான்மையினரின் உரிமையை ஏற்கிறது. அபிமன்யுவின் பெயர் தாங்கிய படிவத்தை வட்டவடைத் தாய் ஒருவரால் படிக்க முடியாமல் போவது பொருத்தமாகாது.

எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை ஒன்று உண்டு. இந்தத் தொகைக்கு மதமில்லை. தகுதியுள்ள விண்ணப்பதாரர் ஒரு முஸ்லிம் தொழிலாளியின் மகளாக இருப்பின், அவருக்கு அதை வழங்கும் நாளே அபிமன்யுவின் நினைவு முழுமையாக மதிக்கப்படும் நாள். அவரைக் கொன்றவர்கள் ஒரு மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். அம்மதத்தைச் சேர்ந்த உழைப்பாளி மக்கள் அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் கொடுத்ததில்லை. இந்தக் கொலையைச் சுட்டிக்காட்டி முஸ்லிம் மக்கள் அனைவர் மீதும் வெறுப்பைக் கொட்ட சங்பரிவாரம் எப்போதும் காத்திருக்கிறது. பெரும்பான்மை வகுப்புவாதமும் சிறுபான்மை வகுப்புவாதமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை. அந்தச் சுவரில் எழுதப்பட்டது இரண்டையும் குறித்தே.

நீதியும் நினைவும்

உதவித்தொகை நீதிக்கு மாற்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொலை நடந்து ஆண்டுகள் பல உருண்டோடியும் வழக்கு விசாரணை இழுபட்டது. வழக்கின் முக்கிய ஆவணங்கள் எர்ணாகுளம் நீதிமன்றத்திலிருந்து காணாமல் போன செய்தி 2024இல் வெளிவந்து அதிர்ச்சியளித்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்படும் வரை அந்தத் தாயின் கதறலுக்கு நீதிமன்றம் அளிக்க வேண்டிய பதில் நிலுவையிலேயே இருக்கும். அதற்கான குரல் ஒருபோதும் தணியலாகாது.

ஆனால் நீதிமன்றத்தின் பதில் ஒன்று. இயக்கத்தின் பதில் மற்றொன்று. முதலாவது எப்போது வரும் என்பது இயக்கத்தின் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க முழுக்க இயக்கத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 2 அன்று தியாகிக்கு மலர் வைத்து முழக்கமிடும் தோழர்கள், அதே நாளில் அந்த ஆண்டு எத்தனை மாணவர்கள் அவர் பெயரால் கல்லூரிக்குள் நுழைந்தார்கள் என்ற கணக்கையும் வாசிக்கும் நிலை உருவாக வேண்டும். அன்று வட்டவடையிலிருந்து ஒரு மாணவியோ மாணவரோ காய்கறி லாரியில் அல்லாமல், கையில் பயணச்சீட்டோடு பேருந்தில் வந்து இறங்குவார். அவரை வரவேற்க அபிமன்யு அங்கு இல்லை. அந்த வரவேற்பைத் தர வேண்டிய பொறுப்பு இப்போது அவருடைய தோழர்களுடையது.