சாந்தோம் கோடும் காளத்திச் சேலையும்

சித்தூரில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவரின் மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது கிமோனோ ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு முழத்திற்கும் குறைந்த அகலமும் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச் சுருளை நேர்நேராக வெட்டித் தைப்பார்களாம். தையலைப் பிரித்தால் பெரும்பாலும் பழைய துணியே திரும்பக் கிடைக்கும். நம் சேலைக்குத் தையலே இல்லை; ஆயினும் நெய்த துணியை வீணாக்க மனம் வராமை இரண்டிற்கும் பொது.

வகைகளையும் அவளே சொன்னாள். கன்னிப்பெண் விழாவிற்கு உடுத்துவது கை நீண்டு தொங்கும் ஃபூரிசோதே. மணமானவள் நெருங்கிய உறவினர் திருமணத்தில் உடுத்துவது ஐந்து குலச்சின்னங்கள் பொறித்த கறுப்புத் தோமேசோதே. கோடைக்குப் பருத்தியில் யுகாதா. கல்யாணத்திற்குக் கறுப்பா என்று வீட்டுப் பாட்டியார் காதைப் பொத்திக்கொண்டார். இடப்பக்க மடிப்பே மேலே வரவேண்டும், மாற்றி உடுத்துவது இறந்தவர்க்கு மட்டுமே என்றதும், "அது முறைதான்" என்று சமாதானமானார்.

நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. கிமோனோவிற்கான கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு அந்நாட்டில் 'சந்தோமே' என்று பெயர். அது நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமேதான்! சோழமண்டலக் கரைத் துணிகளை டச்சுக்காரர் கப்பலேற்றி நாகசாகித் துறைக்குக் கொண்டுசென்றனர். அவர்களுடைய கோட்டை பழவேற்காட்டில் இருந்தது. கோட்டுத் துணியோடு, பூவும் கொடியும் தீட்டிய சாயத்துணியும் சென்றது. அதனைச் 'சரசா' என்றனர். விலை மிகுதியாதலால் செல்வர் உள்ளுடையாகத் தைத்துக்கொண்டனர். துண்டு கிடைத்தவர் புகையிலைப் பையும் தேநீர்க் கலத்திற்கு உறையும் செய்துகொண்டனர். பின்னர் அச்சுத்தாள் வெட்டித் தாமே அவ்வாறு செய்யக் கற்றனர். அதற்கு ஜப்பானியச் சரசா என்றே பெயர்.

இங்கே திருக்காளத்தியில் அத்தகைய எழுத்துவேலை இன்றும் நடைபெறுகிறது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 1950-களில் ஏறத்தாழ அழிந்திருந்த தொழிலை, கமலாதேவி சட்டோபாத்யாயர் போன்றோர் முயன்று, பயிற்சி நிலையம் ஏற்படுத்தி மீட்டனர். குர்ரப்பச் செட்டியார் என்னும் கலைஞருக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோராத் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காயவைப்பர். பால் இல்லையேல் மை பரவிவிடும். புளியங்குச்சிக் கரியால் கோடிட்டு, மூங்கில் எழுதுகோலால் எழுதுவர். இரும்புத் துண்டுகளை வெல்லத்துடன் ஊறவைத்த நீரே கறுப்பு மை. படிகாரம் பட்ட இடம் சாயத்தில் கொதிக்கும்போது சிவக்கும். ஒவ்வொரு நிறத்திற்கும் அலசலும் உலர்த்தலும் உண்டு. ஒரு சேலைக்கு வாரக்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு.

நிற்க. நம் அத்தை மகள் திருமணத்திற்கென்று திருப்பதியில் ஒரு கடையில் காளத்திச் சேலை வாங்கிக் கொடுத்தோம். கையெழுத்து வேலை என்றார்கள். நம் சம்பளத்தில் பாதி போயிற்று. பிறகு அலுவல் நிமித்தம் காளத்திக்குச் செல்ல நேர்ந்தபோது, பெருமையாக அதனையும் எடுத்துச்சென்று முதிய கலைஞர் ஒருவரிடம் விரித்தோம். அவர் முந்தானையை ஒருமுறை, உடலை ஒருமுறை தடவினார்.

"ஐயா, இந்தக் கிளியையும் அந்தக் கிளியையும் பாருங்கள். அலகில் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. எந்தக் கையும் அப்படி எழுதாது" என்றார்.

துணியைத் திருப்பினோம். பின்புறம் வெளுப்பாக இருந்தது. அச்சுச் சேலை குற்றமன்று. மசூலிப்பட்டினம் பக்கத்தில் மரக்கட்டை அச்சாலேயே அழகிய கலம்காரி செய்கிறார்கள். அதை அச்சென்று சொல்லி, அச்சின் விலைக்கு விற்றிருக்கலாம். கடைக்காரர் பில்லில் 'கலம்காரி' என்று மட்டுமே எழுதியிருந்தபடியால் வழக்காட நமக்கு வாயில்லை. ஆகவே, வாங்கும் அன்பர்கள் 'கையால் எழுதியது' என்று பில்லில் எழுதச் சொல்லிப் பெறுக.

அத்தையிடம் உண்மையைச் சொல்ல மூன்று நாள் தயங்கினோம். சொன்னபோது, "அவள் அதைத்தான் கட்டிக்கொள்வாள், நீ கொடுத்தது" என்றார்கள். நமக்கு அது பொறுக்கவில்லை. அம்முதியவரிடமே முந்தானைக்கு மட்டும் எழுதும்படி முன்பணம் கொடுத்துள்ளோம். கறுப்புக் கோடு முடிந்துவிட்டது. சிவப்பு ஏற நல்ல வெயில் வேண்டுமாம்.