இலேசான ரீலுக்கு ஏற்ற கோல்

எண்ணூர்க் கழிமுகத்திலும், எர்ணாவூரில் கடலரிப்பைத் தடுக்க இட்ட பாறைகளின்மேலும் தூண்டில் போடும் இளைஞர் பலரை நாம் காண்கிறோம். ஆலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய சிறு ரீலைத் தடித்த நீள்கோலில் பூட்டி, மணிக்கட்டு நோவதாகச் சிலர் வருந்துகின்றனர்.

ரீல் இலேசாயின் கோலும் இலேசாக வேண்டும். 2000 அல்லது 2500 எண் ரீலுக்கு 6 முதல் 7 அடிக் கோலே போதுமானது. வாங்குமுன் ரீலைப் பூட்டி, அதன் காலுக்குச் சற்று முன்னே ஒரு விரலால் தாங்கிப் பாருங்கள். முனை தாழாது நின்றால் பொருத்தம் நன்று.

நரம்பு, கோலிற் குறித்த பவுண்டு அளவுக்கு உட்பட்டதாக இருக்கட்டும். 8 பவுண்டு நரம்பாயின், ஏறத்தாழ 2 பவுண்டு இழுப்பிலேயே நழுவுமாறு ரீலின் திருகை அமையுங்கள். கொடுவா பாய்ந்திழுத்தாலும் நரம்பு எளிதில் அறாது. வீடு திரும்பியதும் ரீலின் உப்பை நன்னீரால் மெல்லக் கழுவித் துடைத்து வையுங்கள். அரிதிற் சேர்த்த பணம் வீணாகாது.