பதினோரு வயதில் அனுப்பலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன வாரம் மும்பையிலிருந்து பழைய மாணவி ஒருத்தி பேசினாள். "சார், பொண்ணை நாலு வாரம் வெளிநாட்டு முகாமுக்குக் கூப்பிடுறாங்க. பதினோரு வயசுதான் ஆகுது. அனுப்பலாமா?" என்றாள். அடுத்த கேள்வி, "படிப்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா சார்?" (என்னிடம் படித்தவள்தானே, இப்படித்தான் கேட்பாள்.)

முகாமை நடத்துவது சி.ஐ.எஸ்.வி. என்ற தொண்டு அமைப்பு. குழந்தைகளின் சர்வதேசக் கோடைக் கிராமங்கள் என்பதுதான் அதன் பழைய பெயர். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இருந்த உளவியலாளர் டோரிஸ் ஆலன் அம்மையாருக்கு 1946இல் தோன்றிய யோசனை இது. அப்போது யுனெஸ்கோ உருவாகிக்கொண்டிருந்தது. அறிஞர்கள் கூடிப் பேசட்டும், ஆனால் உலக அமைதியைக் குழந்தைகளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1951இல் முதல் முகாம். போர் முடிந்து ஆறே வருடம். வந்தவர்களில் ஜெர்மனிப் பிள்ளைகளும் உண்டு, பிரிட்டன் பிள்ளைகளும் உண்டு. அப்பாக்கள் எதிரெதிர் அணியில் நின்று சுட்டுக்கொண்டவர்களாகக்கூட இருந்திருக்கலாம். பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் தூங்கினார்கள்.

ஒரு நாட்டுக்கு நாலு பேர். இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், கூட ஒரு பெரியவர். விளையாட்டு, பாட்டு, அவரவர் ஊர்ச் சாப்பாடு. ரேங்க் கிடையாது.

ஏன் பதினோரு வயது? தன் ஊர், தன் வழக்கம் எது என்று சொல்லத் தெரிந்த வயது. அடுத்தவனை வெறுக்க இன்னும் முழுதாகப் பழகாத வயது. அந்த அம்மா கணக்கு சரி என்று 34 வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். நம் ஆறாம் வகுப்பு அந்த வயதுதான். ஜூன் மாதம் ஐந்தாறு ஊர்த் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும். யார் பக்கத்திலும் யாரும் உட்காரும், யார் பாட்டிலிலும் யாரும் தண்ணீர் குடிக்கும். எட்டாம் வகுப்பில் பெஞ்சைப் பார்த்தாலே எது எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். ஒன்பதில் கையில் கலர் கயிறு. நான் என்ன செய்தேன்? சத்தம் வராமல் இருந்தால் போதும் என்று, இஷ்டப்படி உட்கார விட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

எழுபது வருடத்துக்கு மேலாக முகாம் நடந்தும் போர் நின்றதா என்று கேட்பார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு கேள்வி: யார் போக முடிகிறது? விமான டிக்கெட் பெற்றோர் செலவு. ஓரளவு ஆங்கிலமும் வேண்டும். இந்தியா என்று போய் நிற்கும் நாலு பிள்ளைகளும் ஒரே மாதிரி அபார்ட்மெண்ட், ஒரே மாதிரிப் பள்ளி என்றால் நார்வே பிள்ளை எந்த இந்தியாவைப் பார்க்கும்? இதே அமைப்பு மொசைக் என்ற பெயரில் உள்ளூரிலேயே நடத்தும் திட்டமும் வைத்திருக்கிறது. பணமும் உழைப்பும் அந்தப் பக்கம்தான் அதிகம் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. நியாயம்தான். ஆனால் கயிறு ஏறிய பிறகு அவிழ்ப்பது கடைசி வேலை. இரண்டு ஊர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று நாள் ஒரே கூடத்தில் தங்க வைத்து, சேர்ந்து காய் நறுக்கி, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து தட்டுக் கழுவ வைக்கலாம். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். இதைப் படிக்கும் தலைமை ஆசிரியர்கள் யாராவது முயன்றால் நான் வந்து மூன்று நாளும் உடன் இருக்கிறேன். சாம்பார் நன்றாக வைப்பேன்.

மாணவியிடம் "அனுப்பும்மா" என்றேன். "ஆனா ஒண்ணு. உங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட பொண்ணுக்கும் இதே வயசுன்னு முன்னாடி ஒரு தடவை சொன்னியே, உன் பொண்ணு திரும்பி வந்ததும் அந்தப் பிள்ளையை உங்க வீட்ல நாலு நாள் தங்க வை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "யோசிக்கிறேன் சார்" என்றாள்.