ஸ்கூபா பயிற்சி ஏஜென்சித் தேர்வு: செயற்குழுவின் நிலைப்பாடு

கடந்த பொதுக்குழுவில், பாதிப் பேர் எழுந்து போன பிறகு, "சங்க டைவ்களுக்கு இனி ஒரே ஏஜென்சியின் கார்டு மட்டுமே செல்லும்" என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதைக் கண்டித்தும் ஆதரித்தும் வந்த கடிதங்களை எல்லாம் படித்தோம். அந்தத் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழு கூடும்வரை நிறுத்திவைக்கிறோம். ரத்து செய்யும் அதிகாரம் செயற்குழுவுக்கு இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எந்த ஏஜென்சி சிறந்தது என்ற கேள்விக்குச் சங்கம் பதில் சொல்லாது. 1953இல் பிரிட்டனில் தொடங்கிய பி.எஸ்.ஏ.சி. கிளப்புகளின் வழியே வளர்ந்தது. 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஏ.டி.ஐ. டைவ் கடைகளின் வழியே வளர்ந்தது. பாடத்தைக் கோத்திருக்கும் முறையில் இந்த வேறுபாடு இன்றும் தெரிகிறது. ஆனாலும் பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. ஆகிய இரண்டு ஏஜென்சிகளின் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைப் படிப்புகளும் ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற ஒரே அளவுகோலுக்கு உட்பட்டவை. இந்த அளவுகோலைக் கடிதத்துக்குக் கடிதம் மேற்கோள் காட்டியவர்கள், அதில் இருக்கும் ஒரு நிபந்தனையை வசதியாக விட்டுவிட்டார்கள்: பயிற்சி பெற்ற சூழலுக்கு இணையான, அல்லது அதைவிட எளிதான சூழலில்தான் அந்த டைவர் தன் பொறுப்பில் இறங்கலாம். அந்தமானின் ஹேவ்லாக் தீவின் தெளிந்த நீரில் வாங்கிய கார்டை வைத்துக்கொண்டு, நீட்டிய கை தெரியாத நாளில் புதுச்சேரிக் கடலில் குதிப்பேன் என்றால், அது எந்த ஏஜென்சியின் கார்டானாலும் பொருந்தாது.

எங்கள் உண்மையான கவலை வேறு. மணலில் மண்டியிட வைத்துத் திறன்களைச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

மாணவர்களைத் தரையில் வரிசையாக உட்கார வைக்கிறார்கள். மாஸ்க்கில் நீரை விட்டு வெளியேற்று, ரெகுலேட்டரைக் கழற்றித் திரும்ப வாயில் வை, பக்கத்தில் இருப்பவரின் மாற்று ரெகுலேட்டரில் சுவாசி என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைத்து டிக் போடுகிறார்கள். கடலில் யாரும் மண்டியிட்டு டைவ் செய்வதில்லை. நடுநீரில் மாஸ்க்கிலிருந்து நீரை வெளியேற்ற மூக்கால் மூச்சை விட்டால் உடல் கொஞ்சம் இறங்கும். அதற்கு முன் பயத்தில் நெஞ்சு நிறைய இழுத்தால் மேலே போகும். முழங்கால் மணலில் ஊன்றியிருக்கும்போது இந்த இரண்டுமே மாணவருக்குத் தெரிவதில்லை. தெரியாதது முதன்முதலில் நடுநீரில் நேர்கிறது. அப்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஓரிரு மீட்டர் மேலே போனாலே நுரையீரல் காயப்படலாம்.

அதோடு முடிவதில்லை. மாணவர் தரையை விட்டுக் கிளம்பாமல் இருக்க இடுப்பில் கூடுதல் ஈயத்தைக் கட்டிவிடுகிறார்கள். வகுப்பு நடத்துபவருக்கு இது வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் தேவைக்கு மேல் 4 கிலோ ஈயம் என்றால், அதை ஈடுகட்ட பி.சி.டி. என்ற மிதப்புச் சட்டையில் சுமார் 4 லிட்டர் காற்று கூடுதலாக நிற்க வேண்டும். 10 மீட்டர் ஆழத்திலிருந்து வெளியேற்றாமல் மேலே வந்தால் அந்த 4 லிட்டர் 8 லிட்டராகும். புதியவர் ஏன் கார்க் போல மேலே பாய்கிறார் என்று படகில் கேட்கும் பயிற்றுநர்கள், அந்த ஈயத்தைக் கட்டியது யார் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு ஏஜென்சிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்தாண்டுக்கு மேலாக பி.ஏ.டி.ஐ.யின் பாடத்திட்டமே மிதந்தபடி பயிற்சி செய்வதை வலியுறுத்துகிறது. மற்ற ஏஜென்சிகளும் அந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன. ஏட்டில் இருப்பதைச் செய்ய நேரம் வேண்டும், ஒரு பயிற்றுநருக்குக் குறைவான மாணவர்கள் வேண்டும். இரண்டும் லாபத்தைக் குறைக்கும். விஷயம் அவ்வளவுதான்.

ஜி.யு.இ. என்ற ஏஜென்சியின் ஃபண்டமென்டல்ஸ் படிப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று சில மூத்த உறுப்பினர்கள் கோரினார்கள். நீரில் உடலை வைத்திருக்கும் நிலை, மிதப்பு, ஃபின் அடிக்கும் முறை ஆகியவற்றையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, தேறாதவரைத் தேறவில்லை என்று சொல்லும் படிப்பு அது. அதன் தரத்தைக் கொள்கை அளவில் ஏற்கிறோம். கட்டாயமாக்க மாட்டோம்.

அட்வான்ஸ்டு கார்டு பற்றி ஒரு வார்த்தை. பி.ஏ.டி.ஐ.யில் 5 டைவ்களில் அந்தப் பெயர் கிடைக்கும். எஸ்.எஸ்.ஐ.யில் அதே பெயருக்கு 24 டைவ்களும் 4 சிறப்புப் படிப்புகளும் வேண்டும். இது அவரவர் ஏட்டிலேயே இருப்பது, நாங்கள் கிளப்பிவிட்ட வதந்தி அல்ல. ஆகவே "நான் அட்வான்ஸ்டு" என்று படகில் உட்கார்ந்து சொல்வது எங்களுக்கு எதையும் தெரிவிக்காது. லாக் புத்தகத்தைக் காட்டுங்கள்.

கட்டணம், ஆன்லைன் பாடம், வெளிநாட்டில் கார்டு செல்லுமா என்பவை குறித்து ஏற்கெனவே போதிய அளவு பேசிவிட்டோம். பெரிய ஏஜென்சிகளின் கார்டு ஏறக்குறைய எங்கும் செல்லும்.

எனவே, நிலுவையில் உள்ள தீர்மானத்துக்குப் பாதகமின்றி, செயற்குழு பெரும்பான்மையாக முடிவு செய்வது இது. 24801-2க்கு இணங்கும் எந்தக் கார்டும் ஏற்கப்படும். வேறு கடலில் பயின்றவர்கள் நம் கரையில் ஒரு சோதனை டைவ் செய்த பிறகே சங்கப் படகில் இடம் பெறுவார்கள். சங்கம் ஏற்பாடு செய்யும் படிப்புகளில் ஏஜென்சியோடு அல்ல, பயிற்றுநரோடு பேசுவோம். ஏஜென்சி விதி 8 மாணவர்களை அனுமதித்தாலும், கடலில் ஒரு பயிற்றுநருக்கு 4 பேருக்கு மேல் கூடாது. முதல் அறிமுகத்தைத் தவிர, திறன்கள் இயன்றவரை மிதந்தபடியே கற்பிக்கப்பட வேண்டும். ("இயன்றவரை" என்ற சொல் வேண்டாம் என்று மூவர் எதிர்ப்புத் தெரிவித்தது பதிவு செய்யப்படுகிறது.) ஈயத்தின் எடையை ஒவ்வொரு மாணவருக்கும் நீரிலேயே சரிபார்க்க வேண்டும். 20 டைவ்களுக்கு முன் அட்வான்ஸ்டு படிப்பில் சேர வேண்டாம் என்று பரிந்துரைக்கிறோம். இதைத் தடையாக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை.

ஏதேனும் ஓர் ஏஜென்சியின் பயிற்றுநராக இருந்து, அதனால் வருமானம் பெறும் செயற்குழு உறுப்பினர்கள் இந்தப் பொருளில் வாக்களிக்கவில்லை. அவர்கள் பெயரைக் கேட்டு எழுதியவர்களுக்கு: வருகைப் பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு 15 நாள் முன்பாகத் திருத்தத் தீர்மானத்தை எழுத்தில் தரலாம். எந்த ஏஜென்சி யாரை ஏமாற்றியது என்ற கடிதங்களை இனி சுற்றுக்கு விடமாட்டோம்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்