நிர்ப்பந்தம் திறந்த கதவு

அமெரிக்க விளையாட்டில் நிறத்தடையைத் தகர்த்தவர் யார் என்று வினவினால், 1947-இல் புரூக்ளின் பேஸ்பால் கோஷ்டியில் இடம் பெற்ற ஜாக்கி ராபின்ஸனையே எவரும் குறிப்பிடுவர். அவருடைய தீரத்துக்கு அப்பெருமை தகும். ஆயினும், அதற்கு ஐந்தாண்டு முன்னரே கூடைப்பந்தில் நிகழ்ந்த ஒரு காரியத்தை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது.

1937-இல் தோன்றிய நேஷனல் பாஸ்கெட்பால் லீக், பெயரில் தேசத்தைத் தாங்கியதேயன்றி, பெரும்பாலும் பெரிய ஏரிகளை அடுத்த தொழில் நகரங்களின் சங்கமாகவே இருந்தது. யுத்தம் வந்து ஆட்டக்காரர்களைப் படைக்கு இழுத்துக்கொண்டது. 1942-43 பருவத்தைத் தொடங்கியவை ஐந்து கோஷ்டிகளே. ஆள் கிடைக்காத டொலீடோ கோஷ்டி, பில் ஜோன்ஸ் முதலான கறுப்பினத்தாரைச் சேர்த்துக்கொண்டது. சிக்காகோவில், யுத்தத் தளவாட வேலையில் ஈடுபட்ட ஸ்டூடிபேக்கர் தொழிற்சாலையின் கோஷ்டியில், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸில் புகழ்பெற்ற ஸன்னி பாஸ்வெல் முதலியோர் வெள்ளையருடன் தோளோடு தோள் நின்று ஆடினர்.

பலன் யாது? டொலீடோ நான்கு பந்தயங்களிலும் தோற்றுக் கலைந்தது. சிக்காகோ இருபத்துமூன்றில் எட்டே வென்று, பருவ முடிவில் மறைந்தது. நிறப்பூசலே அதன் தோல்விக்குக் காரணம் என்றொரு வதந்தி உலவிற்று; ஆடியவர்களில் சிலரே பிற்காலத்தில் அதை மறுத்துள்ளனர். அப்பருவத்தில் பன்னிரண்டு பந்தயங்களையே வென்ற ஷெபாய்கன் கோஷ்டிதான் இறுதியில் பட்டத்தைக் கைக்கொண்டது என்பதை நினைத்தால், எட்டு வெற்றி இகழத்தக்கதன்று.

இப்பருவம் ஓர் உண்மையை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது. இரு நிறத்தாரும் ஒருங்கே ஆடுதல் இயலாது என்ற வாதம் வெறும் சாக்கு. ஆள் பஞ்சம் வந்தவுடன் அவ்வாதம் எங்கே போயிற்று?

ஆனால் தேவையினால் அளிக்கப்படும் இடம் தேவையோடு தீர்ந்துபோகும். 1948-49 பருவத்தின் நடுவே டிட்ராய்ட் கோஷ்டி கலைந்தபோது, காலியிடத்தை நிரப்பக் கறுப்பினத்தாரே கொண்ட ரென்ஸ் கோஷ்டியை டேட்டன் நகரின் பெயரால் இச்சங்கம் அழைத்தது. 1949-இல் இச்சங்கமும் அதன் போட்டிச் சங்கமும் இணைந்து என்.பி.ஏ. உருவானபோதோ, அந்த ரென்ஸுக்கு அங்கே இடமில்லை. கூப்பர், லாயிட், கிளிப்டன் ஆகிய மூவர் அதில் நுழைய 1950 வரை காத்திருக்க நேர்ந்தது.

இடர் வந்த வேளையில் அழைப்பதும், இடர் நீங்கியபின் கதவடைப்பதும் நீதியாகா. தகுதியுடையோர்க்கு உரிய இடம் உரிமையாகவே கிட்டவேண்டும், சலுகையாக அன்று. புகழ் இன்றித் தோற்று மறைந்த அந்த ஆட்டக்காரர்களை வெற்றி கண்டோருடன் ஒரே வரிசையில் வைத்துப் போற்றுவதே முறை என்பது நம் துணிபு.