பழி மலைப் பெண்களுக்கா?

கல்வராயன் மலைப் பெண்கள் காலந்தாழ்த்தி வருவதே குறைப்பிரசவச் சிசு மரணங்களுக்குக் காரணம் என வாதிப்போர், வெள்ளிமலையிலிருந்து வளைந்திறங்கும் பாதையில் வலியை அடக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வரும் கர்ப்பிணியின் ஸ்திதியைச் சற்றே சிந்திக்க வேண்டும். அவள் புறப்படுமுன்பே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிரசவத்துக்கு முன்னரே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்தினால் சிசுவின் சுவாச உபாதை குறையுமென 1972-இல் நியூஸிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸும் ஹோவியும் நிரூபித்தனர். கர்ப்பத்தின் 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டவளுக்கு, டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டின் 6 மில்லிகிராம் முதல் ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே போட்டு அனுப்பலாமென மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அனுமதித்தும்விட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்கொன்றாக நான்கு ஊசி, விலையும் சொற்பம். அதைப் போடாது வெறும் சீட்டெழுதி ஆம்புலன்ஸில் ஏற்றுவது சிகிச்சையாகாது. வந்து சேர்ந்தவளை ‘இத்தனை நேரம் என்னம்மா செய்தாய்?’ என்று அதட்டுவதோ அதனினும் கொடுமை. மலை சுகாதார நிலையங்களில் அம்மருந்து இருப்பில் உள்ளதா, செலுத்தப் பயிற்சி உண்டா என்று அதிகாரிகள் முதலில் பரிசோதிக்கட்டும்.