பேன்ட்டை விட்டுட்டு மாட்டைப் பாருங்கய்யா!

போன வாரம் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் ஒரு செய்தித் துணுக்கு அனுப்பினான். "பேன்ட் போட போலீஸ் பர்மிஷன் வாங்கின பெண் ஓவியர்!" யாருன்னு பார்த்தா ரோசா பொனர் (1822-1899). பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல பிறந்தவர். துணுக்குல பேன்ட் இருக்கு, அவர் வீட்டுல வளர்த்த சிங்கம் இருக்கு. அவர் வரைஞ்ச படம் ஒண்ணு கூட இல்லை. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அதான் இந்தப் புலம்பல்.

பேன்ட் கதை பொய்யில்லை. பெண்கள் ஆண் உடை போடணும்னா அனுமதிச் சீட்டு வாங்கணும்னு 1800-ல பாரிஸ் போலீஸ் உத்தரவு போட்டது. பொனரும் வாங்கினார். (அந்த உத்தரவு இனி செல்லாதுன்னு பிரான்ஸ் அரசு முறையா அறிவிச்சது எப்ப தெரியுமா? 2013-ல! :-)) ஆனா எதுக்காக வாங்கினார்? கசாப்புக் கூடத்துல நின்னு மாட்டோட எலும்பையும் தசையையும் படிக்கணும். குதிரைச் சந்தையில தரகர்களுக்கு நடுவுல நின்னு வரையணும். நீளப் பாவாடையோட போனா ஒரு வேலையும் ஆகாது. பேன்ட் அவருக்கு வேலைக்கான உடுப்பு, அவ்வளவுதான். நாம என்னடான்னா உடுப்பை ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு வேலையைப் பரண்ல போட்டுட்டோம்.

இது ஒரு கோஷ்டி. 'கலை தெரிஞ்ச' இன்னொரு கோஷ்டி இருக்கு. "அவரா? மாடு, குதிரை வரையறவர். அப்படியே போட்டோ மாதிரி இருக்கும். கிராமத்தை உண்மையா வரைஞ்சவர்னா மிலே தான்" அப்படீம்பாங்க. மிலே பெரிய ஆள்தான், சந்தேகமே இல்லை. அறுவடை முடிஞ்ச வயல்ல சிந்தின கதிரைப் பொறுக்கற மூணு பெண்களை அவர் 1857-ல வரைஞ்சார். அந்த முதுகு வளைவைப் பார்த்தா நமக்கே இடுப்பு வலிக்கும். ஆனா ஒரு கேள்வி. அந்தக் கதிர் முளைக்கறதுக்கு முன்னாடி நிலத்தை உழுதது யாரு?

அந்தக் கேள்விக்குப் பதில் 1849-லயே வந்தாச்சு. பொனரோட 'நிவர்னே பகுதியில் உழவு'. இப்ப பாரிஸ்ல ஓர்சே அருங்காட்சியகத்துல இருக்கு. ரெண்டு ஏர், ஏருக்கு ஆறு எருது, ஆக மொத்தம் பன்னிரண்டு. குளிர்காலத்துக்கு முன்னாடி நிலத்தைத் திறந்து விடற முதல் உழவு. ஒரு ஏரை இழுக்க ஆறு எருது வேணும்னா மண்ணு எவ்வளவு கனம்னு பார்த்துக்குங்க. மனுஷங்களும் இருக்காங்க. ஆனா எருதுங்களுக்குப் பின்னாடி, பாதி மறைஞ்சு, சின்னதா. முன்னாடி தெரியறது புரட்டிப்போட்ட மண்கட்டியும் எருதுகளும்தான். அதுல ஒண்ணு நேரா நம்மளைப் பார்க்குது. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகும் "சும்மா மாட்டுப் படம்"னு சொல்ல எப்படித்தான் மனசு வருதோ!

அளவையும் கவனிக்கணும். அகலம் சுமார் 2.6 மீட்டர். அந்தக் கால பிரெஞ்சு அகாடமி ஓவியத்துல சாதி பிரிச்சு வச்சிருந்தது. ராஜாக்கள், போர், புராணம் எல்லாம் மேல்தட்டு. பெரிய துணி அவங்களுக்குத்தான். மிருகங்கள் கிட்டத்தட்ட கடைசி வரிசை. கூர்பே ஒரு கிராமத்துச் சாவு ஊர்வலத்தை ஆறு மீட்டருக்கு மேல வரைஞ்சு, 1850-51 கண்காட்சியில வச்சப்போ பெரிய கூச்சல். இன்னிக்கு வரைக்கும் அதைப் புரட்சின்னு எழுதறோம். அதுக்கு முன்னாடியே பொனர் அந்த மரியாதையை எருதுக்குக் கொடுத்தாரே? 1853 கண்காட்சியில ஐந்து மீட்டர் அகலத்துக்கு 'குதிரைச் சந்தை'யை வச்சாரே? அது புரட்சி லிஸ்ட்ல வராது. ஏன்னா மாடு யாரையும் பயமுறுத்தாது!

"உழவுப் படம் அரசாங்கம் ஆர்டர் கொடுத்து வரைஞ்சது, பசி இல்லை, கடன் இல்லை, வானம் கூட பளிச்சுனு இருக்கு" அப்படின்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 1848 புரட்சி முடிஞ்ச கையோட அமைதியான கிராமத்தைப் பார்க்க பாரிஸ்காரங்களுக்கு ஆசை இருந்திருக்கும். அந்தப் படத்துல பண்ணைக்காரனும் இல்லை, குத்தகைக் கணக்கும் இல்லை. ஒத்துக்கறேன். ஆனா வாங்கினவன் எதுக்கு வாங்கினான்ங்கறது வேற, படம் என்ன சொல்லுதுங்கறது வேற. பதினெட்டு அடி தள்ளி நின்னு பார்த்தா அழகான காட்சி. கிட்ட போனா நுகத்தடி, திரண்ட தோள், மண்ணுல அழுந்தற குளம்பு. உழைப்பை இதைவிட எப்படிச் சொல்றது?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேட்கலாம். எங்க ஆபீஸ்ல மனுஷனையே 'ரிசோர்ஸ்'னுதான் சொல்றாங்க. "இந்த ப்ராஜெக்ட்டுக்கு ஆறு ரிசோர்ஸ்." ஏர்ல பூட்டற மாதிரியே இருக்கும். அந்த ஆறு பேருக்கும் முகம் கிடையாது. பொனர் செஞ்சது நேர் எதிர். யாருமே எண்ணிக்கையா மட்டும் பார்த்த பன்னிரண்டு எருதுக்கும் தனித்தனியா உடம்பு கொடுத்தார், நிறம் கொடுத்தார், நடை கொடுத்தார். அதுக்காக ரத்தமும் சாணியும் மிதிச்சு வேலை கத்துக்கிட்டார்.

அவ்வளவு உழைச்ச மனுஷிக்கு நாம செய்யற மரியாதை ஒரு பேன்ட் துணுக்கு. அடுத்த தடவை அதை ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்க சாமிகளா. அந்த எருது இன்னும் நம்மளைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு.